தெரிந்த சகோதரர் ஒருவருக்காக

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, ஒரே ஒரு பத்தி எழுத முடியாமல் ஐம்பத்து நான்கு வயதில் நான் அழுதேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மார்ச் மாதம் இரண்டாம் திங்கட்கிழமை என் வேலை போனது. இங்கே சிங்கப்பூரில் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். ஜூலை கடைசியில், சுவா சூ காங்கில் என் வீட்டருகே ஒரு துணைப்பாட நிலையம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடியது. நிறைய வாசிப்பவன் என்ற தைரியத்தில் போனேன். பொறுப்பாளர் ஷாலினி என் மகள் வயதுப் பெண். என்னைச் சோதித்துப் பார்க்க ஒரு சிறுகதையைக் கையில் கொடுத்தார்.

"கதையில வர்ற அப்பாவப் பத்தி ஒரு பத்தி எழுதுங்க அங்கிள். ஒரு கருத்து, கதையிலேர்ந்து ஆதாரம், அப்புறம் விளக்கம். அவ்வளவுதான் லா."

கதை எளியதுதான். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஈசூன் வட்டாரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் பழைய சீருடைச் சட்டையை இஸ்திரி போடுகிறார். மகள் கதவைத் தட்டினால் அதை அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்.

'அவர் ஒழுங்கானவர்' என்று எழுதினேன். அதற்கு ஆதாரமாக ஈசூனில் பேருந்து ஓடத் தொடங்கியது எப்போது, சீருடை மாறியது எப்போது என்று நூலகத்தில் தேடித் தேதிகளை அடுக்கினேன். திரும்பி வந்தது. இன்னும் நான்கு தேதிகள் சேர்த்துக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது.

"ஈசூன் வரலாறு சூப்பர் அங்கிள். அப்பா எங்க?" என்று ஷாலினி சிரித்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் நான் வேற ஆள் பாக்கணும்."

அந்த வாரம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுதுவேன், கிழிப்பேன். ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கி சிராங்கூன் சாலையில் மேலும் கீழும் நடப்பேன். தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் நம் ஜெபக்குழு மேரி அக்கா, "என்ன பிரதர், காலு தரையில நிக்கல?" என்பார். நழுவிவிடுவேன். வேலை போனது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் முழங்காலில் நின்று அழுதேன். 'ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீரே காட்டும்.'

ஜெபித்த தேதியைக் குறிக்கக் குறிப்பேட்டைத் திறந்தேன். நம் ஜெபக்குழுவின் விண்ணப்பங்களையெல்லாம் தேதி போட்டு எழுதி வைப்பவன் நான்தானே. மார்ச் மாதப் பக்கம் விரிந்தது. என் கையெழுத்து: 'தெரிந்த சகோதரர் ஒருவருக்கு வேலை வேண்டும்.' அடுத்த வாரமும் அதே வரி. அதற்கடுத்த வாரமும்.

வேலை போன பிறகும் தினமும் காலை ஏழு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு, அக்கம்பக்கத்தார் பார்க்க ரயிலுக்குப் போய், தேக்கா பக்கம் சுற்றிவிட்டு வந்தவன் நான். உங்களிடமும் ஆண்டவரிடமும்கூட என் பெயரைச் சொல்லாமல் மறைத்தவன்.

கதையை மறுபடி எடுத்தேன். ஒழுங்கானவர் சட்டையை ஏன் ஒளிக்க வேண்டும்? பேனா ஓடியது. ஓய்வுபெற்றதை அவர் மனம் இன்னும் ஏற்கவில்லை. ஆதாரம், மகள் தட்டியதும் சட்டை அலமாரிக்குள் போகிறது. இனி போட முடியாத சட்டைக்காக ஏங்குவதை மகள் பார்த்துவிடுவாளோ என்று வெட்கப்படுகிறார். இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒரு தேதிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷாலினி நின்றபடியே வாசித்தார். "இதுதான் அங்கிள். திங்கக்கிழமை வந்துடுங்க."

நேராகத் தேக்காவுக்குப் போனேன். "அக்கா, அந்தத் தெரிந்த சகோதரர்... அது நான்தான்."

வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்த மேரி அக்கா நிமிரவே இல்லை. "தெரியும் லா பிரதர். ஆபீஸ் போறவரு காலைல பத்து மணிக்கு என் கடை முன்னாடி நடப்பாரா? அதுவும் வாரத்துல மூணு நாளு! நாங்க உங்க பேரச் சொல்லித்தான் ஜெபிச்சிட்டு இருந்தோம்."

சந்தை என்றும் பாராமல் நின்று அழுதேன்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லித்தருகிறேன். குறிப்பேட்டில் அந்த வரிகளிலெல்லாம் என் பெயரை எழுதிவிட்டேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடிகிறதில்லை. உங்களில் யாரிடமாவது 'தெரிந்த ஒருவருக்காக' ஒரு விண்ணப்பம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வாருங்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தேதி போட்டு நான் எழுதிக்கொள்கிறேன்.