சுழல் தொட்டியும் நொச்சி மூட்டையும்

என் கணுக்காலை உடைத்தது ஒரு வாய்க்கால் மூடி. மூடி என்று சொல்வதே தப்பு. மூன்றாக உடைந்து, நடுத்துண்டு எப்போதோ உள்ளே விழுந்துவிட்டது. மீதி இரண்டு துண்டுகளில் ஒன்றின் மேல்தான் நான் கால் வைத்தேன். கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு இருந்தது. விழும்போது கூட அதை விடவில்லை, காலைத்தான் விட்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது என் கால் மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, மடக்கு என்றால் மடங்காமல் விறைத்துக் கிடந்தது.

"எலும்பு கூடிடுச்சு. இனிமே பிசியோதான்" என்று டாக்டர் கையைக் கழுவிவிட்டார்.

அந்தப் பிசியோதெரபி நிலையத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அங்கேதான் அந்தத் தொட்டி இருந்தது. முழங்கால் உயரத்துக்கு எவர்சில்வர் தொட்டி, ஓரத்தில் ஒரு மோட்டார், மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஒரு குழாய். சுவிட்சைப் போட்டால் குழாய் கீழ்வாயால் தண்ணீரை உறிஞ்சி, மேல்வாயால் பீய்ச்சும். வெந்நீர் சுழன்று சுழன்று காலை அடிக்கும். தெரபிஸ்ட் அதை வேர்ல்பூல் என்பாள். வருகிறவர்கள் எல்லோரும் சுழல் தொட்டி என்றோம். தெரபிஸ்ட்டுக்கு முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் அவள் குரலுக்கு அறுபது வயதுக்காரர்களும் நடுங்குவார்கள்.

ஒருவர் முடித்ததும் தண்ணீரை வடித்து, தொட்டியை மருந்து போட்டுத் தேய்த்து, மறுபடி நிரப்பி, சூடு பார்க்க வேண்டும். அதற்கே இருபத்தைந்து நிமிடம் போய்விடும். தொட்டிக்குள் கால் இருப்பது பதினைந்து நிமிடம். அதற்காக நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு பாடத்திட்டத்தையே நடத்தி முடித்திருக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது. என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள்.

சுவரில் தெரபிஸ்ட் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: எண்ணெய், தைலம் தடவிக்கொண்டு தொட்டியில் இறங்கக் கூடாது. ஒருநாள் ஒரு பெரியவர் முழங்கால் முழுக்கத் தைலம் மினுமினுக்க வந்து நின்றார். அவள் திருப்பி அனுப்பினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எழுதி ஒட்டியும் இப்படி வர்றவங்கள உள்ளயே விடக்கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு முப்பது வருட அனுபவம்.

எனக்கு அடுத்த முறைக்காரர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவர், நாற்பது வயதிருக்கும். மெஷின் அவருடைய வலது கையைக் கடித்திருந்தது. ஆபரேஷன் செய்து விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூன்று விரல்கள் மடங்கவில்லை. கை மூடினால்தான் லீவரைப் பிடிக்க முடியும், லீவரைப் பிடித்தால்தான் வேலை. ஆயுத பூஜை வரைக்கும் அவர் இடத்தை வைத்திருப்பதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"பூஜைக்கு என் மெஷினுக்கு நான்தான் டீச்சர் பொட்டு வப்பேன். பதினோரு வருசமா நான்தான் வச்சேன்" என்பார்.

அவருக்கு ஒரு கணக்கு உண்டு. கையை மூடச் சொன்னால், விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று இடது கை விரல்களைச் செருகிப் பார்ப்பார். முதலில் மூன்று விரல் இருந்தது, அப்புறம் இரண்டானது. தொட்டிக்குள் கை இருக்கும்போது சில நாள் இடைவெளியே இல்லாமல் போகும். "டீச்சர், தொட்டுச்சு பாருங்க, தண்ணிக்குள்ள தொட்டுச்சு!" என்று கத்துவார். வெளியே எடுத்துத் துடைத்ததும் விரல்கள் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அதற்காக அவர் சலித்துக்கொண்டதே இல்லை. எனக்குத்தான் அவர் சந்தோஷத்தைப் பார்த்தால் எரிச்சலாக வரும், ஏனென்றால் என் கால் தண்ணீருக்குள்ளும் மடங்கவில்லை, வெளியிலும் மடங்கவில்லை. தெரபிஸ்ட் பிளாஸ்டிக் கோணமானியை வைத்து அளப்பாள், நேற்று எழுதிய எண்ணையே இன்றும் எழுதுவாள். எண் நகராத அந்த நோட்டை வாங்கிக் கிழித்துப் போடலாமா என்று இருக்கும்.

"வீட்ல எக்சசைஸ் பண்றீங்களா?" என்று கேட்பாள்.

"பண்றேன்" என்பேன். பாதி நாள் பண்ணவில்லை. வலித்தது.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, மாதா கோயிலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு. வில்லியனூர்ப் பக்கம் அவர்கள் வீட்டு வேலி முழுக்க நொச்சிதான். ஒரு பை நிறையத் தழை கொண்டுவந்திருந்தார்.

"வெறும் தண்ணி சுத்தினா கால் சரியாயிடுமா? அப்ப வாஷிங் மெஷின்ல போட்ட துணியெல்லாம் எழுந்து நடக்கணுமே" என்றார். பழைய வேட்டித் துணியில் நொச்சியும் கல்லுப்பும் வைத்து, நூலால் கட்டி, எலுமிச்சை அளவுக்கு ஒரு மூட்டை செய்தார். "தண்ணி ஓடறப்ப காலுக்கடியில வச்சுக்க. யாருக்குத் தெரியப்போவுது?"

நான் அறிவியல் ஆசிரியை. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். அந்த மூட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். நம்பிக்கை என்று சொல்ல முடியாது. சலிப்புதான். மூன்று வாரம் ஒரே எண்ணைப் பார்த்தவள் எதையும் செய்வாள்.

தெரபிஸ்ட் வேறு ஒருவரின் தோளுக்கு வெப்ப விளக்கை வைக்கத் திரும்பியபோது மூட்டையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாதத்தால் அழுத்திக்கொண்டேன். குழாயின் கீழ்வாயில் இருந்த சல்லடை பாதி உடைந்திருந்தது. அந்தப் பக்கம் காலைக் கொண்டுபோகக் கூடாது என்று அவள் முதல் நாளே எச்சரித்திருந்தாள். காலை நான் கொண்டுபோகவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பாதத்துக்கு அடியில் தேடினால் மூட்டை இல்லை. மோட்டார் ஒரு தரம் கொர்ரென்றது. பிறகு ஓடியது, கொஞ்சம் சோர்வாக.

நேரம் முடிந்து மணி அடித்தது. குனிந்து கையை விட்டுத் துழாவினேன்.

"என்ன தேடறீங்க?"

"ஒன்னுமில்ல, சூடு பாத்தேன்."

தண்ணீர் வடிந்தது. அடியில் இரண்டு நொச்சி இலைதான் ஒட்டியிருந்தது. அவள் பார்ப்பதற்குள் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மூட்டை எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்ல வாய் வரவில்லை. தொட்டியைத் தேய்த்தாள், நிரப்பினாள், சூடு பார்த்தாள். அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் எதிரே பாயில் உட்கார்ந்து, பாதத்தில் துண்டை மாட்டி இழுக்கும் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் போல் ஒழுங்காக நான் பயிற்சி செய்ததே கிடையாது.

பிரஸ் மெஷின்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். "இன்னிக்கு ஒரு வெரல்தான் டீச்சர் பாக்கி" என்று எனக்குக் காட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டார். சுவிட்ச் போட்டதும் இரண்டு நிமிடம் ஓடியது. பிறகு உள்ளே எதுவோ அரைபடும் சத்தம் கேட்டது. கருகல் வாடை வந்தது. தெரபிஸ்ட் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள், அவர் கையைப் பிடித்து வெளியே தூக்கினாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கியவள் தன் விரல்களை மோந்து பார்த்தாள்.

"எண்ணெ தேச்சீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "காலையில லேசா தடவிக்கினு வந்தேன் மேடம். வெரல் எளகுமேன்னு…"

"எத்தினி வாட்டி சொல்றது? போர்டு கண்ணுக்குத் தெரியலையா? இருக்கிறது ஒரே தொட்டி. மீதிப் பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அறை முழுக்க அவரையே பார்த்தது. ஈரக் கையைத் துடைக்கக் கூடத் தோன்றாமல் நின்றார். ஒருதரம் என் பக்கம் பார்த்தார். எண்ணெய்க்காரர்களை உள்ளேயே விடக் கூடாது என்று சொன்னவள் நான்தானே. நான் துண்டை இழுத்துக்கொண்டிருந்தேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே அறையில், நாலடி தூரத்தில் இருந்தன.

மறுநாள் தெரபிஸ்ட் இரண்டு பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் வைத்திருந்தாள். கோபமெல்லாம் ஆறிவிட்டிருந்தது. "தொட்டி இல்லன்னா என்ன? சுடுதண்ணியில ஊற வச்சு, அதுக்குள்ளயே மடக்கி நீட்டுங்க. மருந்து எக்சசைஸ்தான், தண்ணி சும்மா தொணைக்கு" என்றாள். எல்லோரும் வந்தோம். அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவள் போன் செய்து பார்த்தாள், எடுக்கவில்லை. "திட்டினேன்னு கோச்சுக்கிட்டாரு போல" என்று இரண்டு மூன்று தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் நான் சொல்லியிருக்கலாம். தினமும் ஆட்டோவில் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். படியேறியதும் வேறு எதையாவது பேசுவேன். டீச்சர் என்று அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அது போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் தட்டாஞ்சாவடியிலிருந்து மோட்டார் மெக்கானிக் வந்து குழாயைக் கழற்றினார். உள்ளே இறக்கையில் சுற்றிக்கொண்டு வேட்டித் துணி வந்தது, நூலோடு. கறுத்துப்போன தழையும் வந்தது.

"நொச்சி" என்றார் மெக்கானிக், மோந்து பார்த்து.

"எண்ணெயும் தேச்சு, தழையும் போட்டிருக்காரு. அந்த கம்பெனி ஆளுதான்" என்றாள் தெரபிஸ்ட்.

"அப்படியா" என்றேன். இதை எழுதும்போதும் அந்த 'அப்படியா'வுக்காக என்னை அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

என் கால் டப்புத் தண்ணீரிலேயே சரியானது. பயத்திலும் குற்ற உணர்ச்சியிலும் வீட்டில் மூன்று வேளையும் பயிற்சி செய்தேன், எண் நகர்ந்தது. தொட்டி பழுது பார்த்துத் திரும்பி வந்தபோது எனக்கு அது தேவைப்படவில்லை. ஆயுத பூஜை அன்று கணவரின் வண்டியில் மேட்டுப்பாளையம் வழியாகப் போனோம். ஒவ்வொரு கேட்டிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது, ரோட்டில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் முழுக்கக் கேட்டார். "வேணும்னு பண்ணலையே. அந்த ஆளப் பாத்தா சொல்லிடுங்க" என்று சொல்லி, பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே செபம் கொடுத்தார். மூன்றுதானா என்று எனக்குக் கோபம் வந்தது. பத்தாம் வகுப்புப் பையன் காப்பி அடித்தால் கூட நான் அதைவிடப் பெரிய தண்டனை கொடுப்பேன்.

பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து, பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு வண்டி ஸ்டாண்டில். ஸ்கூட்டியை உள்ளே விட்டபோது டோக்கன் நீட்டியது ஒரு இடது கை. வலது கை சட்டைப் பைக்கு அருகில், விரல்கள் நீட்டியபடி நின்றிருந்தது. அவர்தான். முகம் மலர்ந்தது.

"டீச்சர்! காலு சரியாயிடுச்சா? வண்டியே ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்க!"

"சரியாயிடுச்சு. உங்க கை?"

கையை மூடிக் காட்டினார். எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, மூன்று விரலுக்கு மேலேயே இருந்தது. "அப்புறம் நான் அங்க வரல டீச்சர். எந்த மூஞ்ச வச்சுக்கினு வர்றது? நான் எண்ணெ தேச்சினு போயி அத்தினி பேருக்கும் இருந்த தொட்டிய கெடுத்துட்டேன். அந்த மேடம் நம்பர்லேருந்து போன் வந்தா கூட எடுக்கமாட்டேன். பயம். ஒங்களுக்கும் எவ்ளோ நாள் வீணாப் போச்சோ. மன்னிச்சுக்கங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். "தொட்டி உங்களால கெடல. நான்தான் நொச்சி மூட்டை போட்டேன். அது மோட்டார்ல சிக்கிடுச்சு. நீங்க உக்கார்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

"எண்ணெயால இல்லையா?"

"இல்ல."

"மத்தவங்கல்லாம் அப்புறம் வந்தாங்களா?"

"வந்தாங்க. டப்புல சுடுதண்ணி வச்சாங்க. எனக்கு அதுலதான் சரியாச்சு."

"அப்ப நானும் வந்துருக்கலாம், இல்ல டீச்சர்?"

"வந்திருக்கலாம்" என்றேன்.

எனக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் என் வண்டியைக் கொஞ்சம் ஓரமாக விடச் சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கு இடது கையால் டோக்கன் கொடுத்தார்.