ஐம்பத்தோராவது பிரதி

செப்புத் தகட்டில் எஃகு ஊசியால் முகங்களைக் கீறி அச்செடுப்பதால் தெருவில் அவருக்கு ஊசிக்காரர் என்றே பெயர். அவருடைய அண்ணன் போதகர். அண்ணன் முகத்தைக் கீறி முடிக்க மூன்று வருடம் ஆனது. மனிதர் உட்கார்ந்தால்தானே? யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று காதில் விழுந்தாலும் பாதியில் எழுந்து ஓடிவிடுவார். ஒருவழியாகத் தகடு முடிந்தது. ஒரு பிரதி எடுப்பதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் சபைச் செயலர் வந்தார்.

"நினைவுக் கூட்டத்துக்கு ஐம்பது படம் வேணும். முடியுமா?"

"சரி," என்றார் ஊசிக்காரர்.

வேறு சமயமாக இருந்தால் பிடிபிடியென்று பிடித்திருப்பார். ஊசி கீறும்போது கோட்டோரம் செம்பு பிசிறாக எழும்பும். மை தங்குவதே அந்தப் பிசிறில்தான். அச்சு உருளை அழுத்த அழுத்த அது மழுங்கிவிடும். பதினைந்து பிரதி தேறினாலே பெரிது. ஆனால் அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் அவர் வாயில் சரி என்றுதான் வந்தது. சாப்பிடச் சொன்னாலும் சரி என்றார், சாப்பிடவில்லை.

மை தடவினார், துடைத்தார், ஈரத் தாளை வைத்து உருளையைச் சுற்றினார். முதல் படத்தில் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல அப்படியே இருந்தார். ஊசிக்காரருக்கு ஒன்றும் தோன்றவில்லை. உலரப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார். இருபதாவதில் கண்ணோரச் சுருக்கம் போனது, முப்பதில் கன்னம். எண்ணினாரே தவிரப் பார்க்கவில்லை. செயலர் வந்து, தெளிவானவை மேலே வரும்படி அடுக்கி, ஐம்பதையும் கொண்டுபோனார்.

அன்று மாலை அண்ணி வந்தார்.

"வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்களா தம்பி?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "உக்காருங்க அண்ணி. இப்பவே போட்டுத் தரேன்."

மை தடவி, உருளையைச் சுற்றி, தாளைத் தூக்கினார். அங்கியும் கழுத்துப்பட்டையும் அழுத்திக் கீறியவை. அவை நன்றாகவே விழுந்திருந்தன. முகத்தின் இடத்தில் லேசான சாம்பல் கறை.

"செயலர்கிட்ட ஒண்ணு திருப்பிக் கேட்டு வாங்கித் தரேன்."

"வேணாம் தம்பி," என்றார் அண்ணி. குரலில் கோபம் இல்லை. "முப்பது வருஷத்துல ஒரு நாளும் அவரை நான் யார்கிட்டயும் திருப்பிக் கேட்டதில்ல. இப்ப மட்டும் எதுக்கு?"

அந்த ஈரத் தாளையே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு அண்ணி படியிறங்கினார். பத்து நாளில் முதல் முறையாக ஊசிக்காரருக்கு நெஞ்சு வலித்தது.