பின் சீட்டில் சிலிண்டர்

எங்கள் ஊரில் அணிலைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சத் தோன்றாது. குரும்பையைத் துளைத்து உள்ளே இருப்பதைக் குடித்துவிடும். தென்னையை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு வேறு எதிரி வேண்டியதில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் துர்யோனோவின் கூட்டம் காற்றுத் துப்பாக்கிகளோடு கிளம்பினால், மலைக்கு அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் மீன் பொரித்து, மிளகாய்ச் சம்பல் அரைத்து, சோறு வடித்துக் காத்திருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு அணிலைக்கூடச் சுடாத ஆள் ஒருவர் இருந்தார். பெயர் ரஸ்வான். ஊருக்கே அவர் காங், அதாவது அண்ணன். அரிசி மில்லில் மூட்டை தூக்கி அகன்றுபோன தோள். காற்று அடிப்பதுதான் அவர் வேலை.

அந்தத் துப்பாக்கிகள் வெடிமருந்தில் சுடுவதில்லை. அடியில் இருக்கும் குழாயில் காற்றை அடைத்து வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் சுட்டால் காலியாகிவிடும். மறுபடியும் கைப்பம்பால் அடிக்க வேண்டும். சைக்கிள் பம்பு போலத்தான் இருக்கும், ஆனால் முடியும் தறுவாயில் முழு உடம்பையும் மேலே சாய்த்தால்தான் கைப்பிடி இறங்கும். துர்யோனோ அடித்தால் பாதியிலேயே நாக்குத் தள்ளிவிடும். காங் அடித்தால் நிதானமாக இறங்கும், நிதானமாக ஏறும். நடுநடுவே நிறுத்தி, பம்பைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறும்வரை ஏதாவது கதை சொல்வார். மில் முதலாளியின் குறட்டையை அவர் நடித்துக் காட்டினால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

"பொண்டாட்டிய இப்படித் தொட்டுத் தொட்டுப் பாத்திருந்தா அவ ஹாங்காங்குக்கே போயிருக்க மாட்டா காங்" என்று சீண்டுவான் துர்யோனோ.

"போனவ நல்லாத்தான் இருக்கா. நீ துப்பாக்கியப் பிடி" என்பார் அவர்.

அவர் மனைவி வீட்டு வேலைக்கென்று ஹாங்காங் போனவள். முதலில் வாராவாரம் போன் வந்தது. பிறகு ஈத் பெருநாளுக்கு மட்டும். பிறகு அதுவும் இல்லை. பிள்ளை கிடையாது. வாரம் முழுக்க மில், இருட்டின வீடு. ஞாயிறு ஒன்றுதான் மனுஷர் மனுஷராக இருந்த நாள். துர்யோனோவின் வண்டியில் பின் சீட்டு அவருடையது, மடியில் பம்பு. எதிர் வரிசையில் பலகாரக் கடை வைத்திருக்கிற எனக்கு, அவர் ஏறி உட்கார்ந்து கை காட்டிவிட்டுப் போனால்தான் ஞாயிறு விடிந்த மாதிரி இருக்கும்.

அப்புறம் கூட்டத்துக்குப் பம்பு போதாமல் போயிற்று. துப்பாக்கிகள் பெருகிவிட்டன. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சோயா டெம்பே பஜ்ஜியைத் தின்றுகொண்டே என்ன வாங்கலாம் என்று பேசினார்கள். வெல்டிங் பட்டறை சிகுன் ஒரு யோசனை சொன்னான்.

"எதுக்குச் செலவு? எங்கிட்ட ஆக்ஸிஜன் சிலிண்டர் சும்மா நிக்குது. அதுலேர்ந்தே புடிச்சுக்கலாம்."

காங் கையில் இருந்த காப்பியை வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"துளி எண்ணெய் உள்ள இருந்தாப் போதும்டா. துப்பாக்கியும் போகும், உன் மூஞ்சியும் போகும். இதுக்கு வெறும் காத்துதான். இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுக்காத."

"சரி, நீயே சொல்லு காங். எத வாங்கலாம்? நீ சொல்றதுதான்" என்றான் துர்யோனோ.

காங் காப்பியைக் குடித்து முடித்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். எல்லோரும் போனபிறகும் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வழி இருக்கு யூ" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், அக்கா என்று அர்த்தம். "கார் பேட்டரில ஓடுற சின்ன மெஷின் ஒண்ணு. தோப்புக்கே எடுத்துட்டுப் போகலாம். ஆனா சீக்கிரம் சூடாயிரும், பாதில நின்னுரும், பக்கத்துல பம்பும் ஆளும் இருந்தே ஆகணும். இன்னொண்ணு பெரிசு. வாளித் தண்ணி உள்ள ஓடி ஓடிக் குளுந்துக்கும். அத வீட்ல வெச்சு ஒரு பெரிய சிலிண்டர நிரப்பிக்கிட்டா, நாள் பூரா அதுலேர்ந்தே எல்லாத் துப்பாக்கிக்கும் காத்து புடிக்கலாம்."

"எது நல்லது?"

"பெரிசுதான்."

"அப்ப பம்பு?"

"தேவைப்படாது."

"சின்னதையே சொல்லித் தொலையேன். யார் கேக்கப் போறா?"

"அது ஒரு வருசம் தாங்காது யூ. என்னய நம்பிக் கேக்கறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா? மறுநாள் அவர் பெரியதைத்தான் சொன்னார்.

சொன்னதோடு விடவும் இல்லை. முதலில் வந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்பினார். கழுத்தில் பொறித்திருந்த சோதனைத் தேதி தாண்டிவிட்டதாம், உடம்பில் ஒரு கீறலில் நகம் மாட்டுகிறதாம். "பளபளன்னுதான இருக்கு" என்று சிகுன் முனகினான். காங் அசையவில்லை. இரண்டாவதாக வந்ததைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். மெஷினை அவர் வீட்டிலேயே வைத்தார்கள். வேறு யாரிடம் கொடுத்தாலும் ஒரே மாதத்தில் நாசமாக்கிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மாலையில் என்னிடம் வந்து ஐஸ் பை வாங்கிப் போவார். வாளித் தண்ணீரில் போட்டு மெஷினை ஓட்டுவார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் சின்னத் திருகைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைச் சீறவிடுவார். அதை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்து, எண்ணெய் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பார். வடிகட்டிப் பஞ்சு நிறம் மாறினால் அன்றைக்கே மாற்றிவிடுவார். ஈரம் சிலிண்டருக்குள் போனால் துருவாகும், துரு துப்பாக்கிக்குள் போகும் என்பார். ஹாங்காங்கிலிருந்து பெண்டாட்டி வரப்போகிறாள் என்று வீட்டைக் கழுவுகிற ஆள் மாதிரி இருக்கும் அவர் பாடு.

மெஷின் வந்து முதல் ஞாயிறு. அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாசலில் நின்றார். துர்யோனோ வண்டியை நிறுத்தினான். சிலிண்டரைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டினான். கட்டி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மற்ற வண்டிகளைத் திரும்பிப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஜோடி ஜோடியாக ஆள்.

"காங்..." என்றான்.

"தெரியும்டா. நீங்க போங்க. ஒரு நிமிசம் இரு, சிலிண்டர் வண்டிக் கம்பில உரசும்." உள்ளே போய்த் தன்னுடைய பழைய மில் ஜாக்கெட்டை எடுத்துவந்து சிலிண்டரைச் சுற்றிப் போர்த்தி, ஜிப்பையும் இழுத்துவிட்டார்.

வண்டி போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் அவரே உட்கார்ந்து போவது போல இருந்தது. எனக்கு அடுப்பைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் ஞாயிறுகளில் அவர் என் கடைக்கு வருவார். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பார். பம்பை வாரம் தவறாமல் துடைத்து, வளையங்களுக்குச் சிலிக்கான் பசை தடவி, துணியில் சுற்றி வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. என்றைக்காவது மலையில் காற்று நின்றுபோகும், கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். கேட்டால் இல்லை என்றிருப்பார்.

அப்படியொரு ஞாயிறு போன் அடித்தது. அவர் போன் அடித்து நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"காங், காத்து ஏற மாட்டேங்குது. குழாய் முனையில புஸ்ஸுன்னு போவுது" என்றான் துர்யோனோ. "எல்லாத் துப்பாக்கியும் காலி. தோப்புக்காரர் வேற பாத்துக்கிட்டு நிக்கறாரு, மானம் போவுது."

அவர் எழுந்துவிட்டார். நான் கேட்காமலே என் மகனுடைய வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எத்தனையோ காலம் கழித்து முகத்தில் விளக்கேற்றிய மாதிரி.

"இருங்கடா, நான் பம்ப எடுத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். அப்புறம் நின்றுவிட்டார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

சொல்லாதே, போனிலேயே சொல்லித் தராதே என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"முனையிலயா போவுது? குழாய் நடுவுல இல்லியே?"

"முனையிலதான்."

"அப்ப உள்ள இருக்கற ரப்பர் வளையந்தான். சிலிண்டர் மேல இருக்கற ஜாக்கெட்டுப் பையில ஒரு மிட்டாய் டப்பா இருக்கும் பாரு. தொற."

"இருக்கு காங்."

"புது வளையம் ஒண்ணு இருக்கும். சைக்கிள் கம்பில கொக்கி பண்ணி வெச்சிருக்கேன். மொதல்ல சிலிண்டர நல்லா மூடு, குழாய்ல இருக்கற காத்த விடு. அப்புறம் பழசத் தோண்டி எடு. புதுசுல பசை தடவியிருக்கு, விரல்ல மண்ணு இல்லாமப் போடு."

கம்பி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அங்கே ஒரே ஆரவாரம்.

"ஏறுது காங். நீ பெரிய ஆளு."

அவ்வளவுதான். துர்யோனோ போனை அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காங் சாவியை மேசையில் என் பக்கம் நகர்த்தி வைத்தார். போன் பேசிக்கொண்டே இருந்தது.

"எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்காருப்பா" என்றது சிகுனின் குரல். "பாவம், அடுத்த வாரம் அவரயும் கூட்டிட்டு வரலாம்ல?"

"வரலாந்தான். சிலிண்டர எங்க உக்கார வெக்கறது?" என்றான் துர்யோனோ. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

காற்று இறங்குகிற சீறல் கேட்டது. காங் போனுக்குக் கிட்டே குனிந்தார்.

"மெதுவா விடு" என்றார். "வேகமா விட்டா சூடாகும். அளவு முள்ளு பொய் காட்டும்."

யாருக்கும் கேட்கவில்லை. சீறல் வேகமாகவே இருந்தது. "மெதுவாடா" என்றார் இன்னொரு முறை, தனக்குள் சொல்வது போல.

நான் அணைக்கக் கையை நீட்டினேன். அவர் என் கையை மெல்ல விலக்கினார்.

"இருக்கட்டும் யூ. சாப்பிடப் போறாங்க."

தட்டுச் சத்தம் கேட்டது. சம்பல் காரம் என்று யாரோ உஸ் உஸ்ஸென்றான். யாரோ மில் முதலாளியின் குறட்டையை நடித்துக் காட்டினான், சரியாக வரவில்லை. காங் ஒரு பஜ்ஜியை எடுத்து, அவர்கள் சாப்பிடும்போது தானும் சாப்பிட்டார். போனில் சார்ஜ் தீரும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஐஸ் வாங்க வந்தபோது அந்த மிட்டாய் டப்பா அவர் கையில் இருந்தது. திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே புது வளையங்கள். எது எங்கே போடுவது, எதை முதலில் மூடுவது என்று ஒரு அட்டையில் படம் வேறு போட்டிருந்தார்.

"ஒண்ணுதான தேஞ்சுது?" என்றேன்.

"நெறையவே வெச்சிட்டேன் யூ. படமும் இருக்கு. இனிமே போன்கூடப் பண்ண வேணாம் அவங்க."

அவர் முகத்தைப் பார்க்காமல் ஐஸை எடுத்துக் கொடுத்தேன்.