லேபிள் வேண்டாம், மிஸ்ஸி

மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை லேசு என்று நினைப்பவர்கள், ஒரு திங்கட்கிழமை காலையில் என் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். எண்பதுகளில் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு மனநல டாக்டரின் கிளினிக்கில் இருந்தேன். டாக்டர் எழுதுவார், நான் மாத்திரையை எண்ணிப் பொட்டலம் போட்டு, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லி அனுப்புவேன். நான் நர்ஸ் கிடையாது. ஆனாலும் நம் ஆட்களுக்கு வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் எல்லோரும் 'மிஸ்ஸி'தான். மறுத்து மறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் மிஸ்ஸியாகவே ஆகிவிட்டேன். உங்களில் யாராவது இப்படி ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றவராக இருந்தால், நான் பட்ட பாடு சொல்லாமலே புரியும்.

பல் டாக்டர்

முனியாண்டியும் அவர் மனைவி லெட்சுமியும் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து வருவார்கள். அவருக்குக் கடலைக் கடக்கும் ஃபெரியில் கார்களை வரிசையாக ஏற்றி இறக்கும் வேலை. கொஞ்ச காலமாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. வேலைக்கு எழுந்தவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிடுவாராம். மனச்சோர்வு என்றார் டாக்டர். ஆனால் அவருக்கு நோயைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிந்தால் 'பைத்தியம்' என்று பேர் வைத்துவிடுவார்கள், அப்புறம் அந்த ஃபெரியில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது என்று நினைத்தார். கிளினிக்குக்கு வருவதும் அதே ஃபெரியில்தானே! கேட்பவர்களிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அக்கரையிலிருந்து இக்கரை வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வருவார்.

பொட்டலத்தில் லேபிளை நான் தமிழில் எழுதி ஒட்டுவேன். ஆள் பெயர், மருந்தின் பெயர், ராத்திரி படுக்கும் முன் ஒன்று, குடி கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது, எல்லாம் முத்து முத்தாக இருக்கும். என் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. லெட்சுமி அதைப் பார்த்ததுமே உரித்துத் தரச் சொன்னாள். லேபிள் இல்லாத மருந்து என் கையிலிருந்து போகாது என்றேன். அவள் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு சொன்னாள்: "சரி மிஸ்ஸி, ஒட்டுறது உங்க கையில. உரிக்கிறது என் கையில."

முன்னால் வருவது

அடுத்த வாரம் லெட்சுமி தனியாக வந்தாள், கோபத்தோடு. "வாய் காயுதுங்கிறாரு, பகல்லயும் தூங்கி வழியுறாரு. மூஞ்சில சிரிப்பைக் காணோம். என்னா மருந்து இது?" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

இந்த மாத்திரையில் வாய் காய்வதும் தூக்கமும் முதலில் வரும், மனசு தெளியச் சில வாரம் ஆகும் என்றேன். அடிக்கடி தண்ணீர் குடிக்கட்டும், படுக்கையிலிருந்து மெதுவாக எழட்டும், கலக்கம் தீர்ந்து டாக்டர் சரி சொல்லும்வரை ஃபெரி வேலைப் பக்கமே போக வேண்டாம். உயிர் வெறுத்த மாதிரி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே கூட்டி வா என்று இரண்டு முறை சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் சொன்னது: "கெட்டது முன்னால வந்துருச்சு, நல்லது பின்னால வருதா? தாசேக் கெலுகோர் பஸ் மாதிரிதான் லா, வேண்டாத பஸ் எல்லாம் போன பொறவுதான் அது வரும்!"

களா

அதே மாத்திரை சாப்பிட்டுவந்த இன்னொருவர், நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர்; எல்லோருக்கும் அவர் நானா. முந்தின இரவு மறந்துபோனதையும் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொண்டு, மகன் தோளைப் பிடித்துத் தள்ளாடியபடி வந்து நின்றார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பயமில்லை, மகன் கூட்டிப் போகட்டும் என்றார். நானாவுக்கு என்மேல்தான் வருத்தம். "தொழுகையை விட்டா, களாவாப் பின்னாடி தொழுதுக்கலாம். மாத்திரைக்குக் களா இல்லியா?" என்று கேட்டார். கிடையாது நானா, விட்டது விட்டதுதான், அடுத்த இரவு வழக்கமான ஒன்று மட்டும் போடுங்கள் என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெருமூச்சு விட்டார்: "அப்ப அல்லா உங்களவிட தாராளம், மிஸ்ஸி."

பிஸ்கட் டின்

லெட்சுமி சொன்னபடியே லேபிளை உரித்துவிட்டாள். மாத்திரைகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு அடுப்படியில் வைத்திருந்தாள். தலைவலி மாத்திரையும் அதே டின்னில்தான். பக்கத்து வீட்டுக் கமலா தலைவலி என்று வந்து, தன் வீட்டு டின் போலக் கையை விட்டு ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டாள். மதியம் படுத்து எழுந்தவள், தலை சுற்றிக் குளியலறையில் விழுந்தாள். நல்ல காலம், முட்டியில்தான் அடி.

இரண்டு பேரும் ஃபெரி பிடித்து வந்தார்கள். டாக்டர் கமலாவைப் பார்த்து அனுப்பிய பிறகு, என் கோபத்தை என்னால் அடக்க முடியவில்லை. "உன் சின்ன மக அந்த டின்ல கையை விட்டிருந்தா? இது பிள்ளைங்க உயிரையே எடுத்துரும், தெரியுமா?" என்று சத்தம் போட்டேன். லெட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது. மாத்திரை மறுபடியும் லேபிளோடு பூட்டு போட்ட அலமாரிக்குப் போயிற்று. கமலாவுக்கு மட்டும் ஆற்றாமை தீரவில்லை: "அண்ணனுக்கு மனசு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் முட்டி தப்பிச்சிருக்கும் லா."

விரதம்

முனியாண்டி தேறினார். டாக்டர் அனுமதித்து ஃபெரிக்கும் திரும்பினார். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதம் தொடங்கியவர், யாரையும் கேட்காமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டார். தூக்கம் போயிற்று, குமட்டல் வந்தது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். சாமி சோதிக்கிறது என்றாராம். லெட்சுமி கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

சோதிப்பது சாமி இல்லை, திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், நிறுத்தும் காலம் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார் டாக்டர். குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். "விரதத்துல மருந்து போட்டா சாமி ஏத்துக்குமா?" என்றார் முனியாண்டி. டாக்டர் சீனர். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் என்னைத்தான் பார்ப்பார்.

"இனிப்பு நீர் வியாதிக்கு மாத்திரை போட்டுக்கிட்டுக் காவடி எடுக்கிறவங்க இல்லியா, அண்ணே?"

"எங்க காவடிக் கூட்டத்துத் தலைவரே போடுறாரு."

"அவரை முருகன் திருப்பி அனுப்பிட்டாரா?"

முனியாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நான் முதல்தடவையாக அப்போதுதான் பார்த்தேன். வெயிலும் மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் வரும், இந்த வருஷம் காவடி வேண்டாம், பால்குடம் போதும் என்பது டாக்டரின் நிபந்தனை. முனியாண்டி ஒத்துக்கொண்டார்: "சரி, பால்குடம். ஆனா மருந்து விஷயம் முருகனுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும், மிஸ்ஸி."

தண்ணீர்ப் பந்தல்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முனியாண்டி தலையில் பால்குடத்தோடு வந்தார். சுற்றிலும் ஃபெரி ஆட்கள். ஒருவர் கிண்டலாகக் கேட்டார், "என்ன அண்ணே, காவடின்னு சொல்லிட்டு பால்குடத்தோட வர்றீங்க? பயந்துட்டீங்களா?" முனியாண்டி என்னைப் பார்த்தார். நான் மோர்ப் பானைக்குள் பார்த்தேன். அது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

"பயமில்ல. எனக்கு மனசு ரொம்பச் சோர்ந்து போச்சு. டாக்டர்கிட்ட போனேன், மாத்திரை போடுறேன், ராத்திரி ஒண்ணு. வெயிலுக்கு ஆகாதுன்னு அவர்தான் பால்குடம்னாரு. இவங்கதான் மருந்து குடுக்கிற மிஸ்ஸி," என்று மேளச்சத்தத்துக்கும் மேலே உரக்கச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அவர் தோளைத் தட்டினார். முனியாண்டி மோரைக் குடித்துவிட்டு, குடம் அலுங்காமல், தலை நிமிர்ந்து நடந்தார். எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு பெருமையாக இருந்தது. கிண்டல் செய்த மனிதர் மட்டும் பின்தங்கி நின்று, மற்றவர்கள் தள்ளிப் போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மிஸ்ஸி, அண்ணன் போன அந்தப் பல் டாக்டர் கடை எங்க இருக்கு? நானும் ஒருநாள் வரணும்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ லேபிள் எழுதி ஒட்டியிருக்கிறேன். சாப்பிடுகிறவரே ஊர் கேட்க உரக்கப் படித்தது, அன்று பந்தலில் முனியாண்டி படித்த அந்த ஒன்றைத்தான்.