குத்தப் போன கை திரும்ப வேண்டும்

போன செவ்வாய்க்கிழமை காலை, என் வீட்டுக் கூரை இடிந்து விழப் போகிறது என்று முடிவு கட்டினேன்.

தொம்... தொம்... தொம்... சத்தம் மாடியிலிருந்து வந்தது. நாற்பது வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் பொறுமை இல்லை. படியேறினேன். பதினெட்டுப் படி. மூட்டுவலிக்காரனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது.

மாடியில் குடியிருப்பவர் பேங்க் மானேஜர். தொட்டில் கட்டுவதற்காகப் போட்ட கொக்கியில் ஒரு பெரிய மூட்டையைத் தொங்கவிட்டு, கையில் உறை மாட்டிக்கொண்டு குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். சுகர் கூடிருச்சு, உடம்ப அசைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நடக்கப் போனா நாய் வெரட்டுது. அதான் இது."

"நாயே தேவலை. எனக்குச் சாப்பாட்டுத் தட்டில் சுண்ணாம்பு விழுகிறது" என்றேன்.

"ஒரே ஒரு குத்து பாருங்க சார்!"

ஓங்கி ஒன்று விட்டார். நல்ல குத்துதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குத்திவிட்டுக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, 'எப்படி?' என்பதுபோல என் பக்கம் திரும்பினார். போன மூட்டை திரும்பி வந்தது. நேராக அவர் மூக்குக்கு.

ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம் ஒரு விஷயம் சொன்னேன். குத்து என்றால் கை போவது மட்டும் என்று நினைக்கிறோம். போன வேகத்தைவிட அதிக வேகத்தில் திரும்பி வந்து தாடை ஓரமாக நிற்க வேண்டும். அப்போதுதான் அது முழுக் குத்து. கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். எப்படித் தெரியும்? செல்வத்தைப் பார்த்ததால் தெரியும்.

அறுபதுகளில் நான் சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே டிரில் மாஸ்டர் ஞானமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்தபோது பாக்சிங் கற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளி மைதானத்தில் நாலைந்து பேருக்குக் குத்துக் கற்றுக்கொடுப்பார். போட்டி நடந்தால் டைம் பார்ப்பது, யாராவது விழுந்தால் மேஜையைத் தட்டிப் பத்து வரைக்கும் எண்ணுவது – இரண்டும் என் வேலை. என் வாட்சில் நொடி முள் இருந்தது. தகுதி அவ்வளவுதான்.

செல்வம், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி சோதிக்கிறவன். ஒவ்வொரு லோடிலும் சில வெடிகளை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். மாஸ்டர் ஒருநாள் அந்த வழியாகச் சைக்கிளில் போனவர் அப்படியே இறங்கி நின்றுவிட்டார்.

ஏன்? வெடி கொளுத்துகிற ஆள் எப்படி நிற்பான், யோசித்துப் பாருங்கள். உடம்பு பக்கவாட்டில். இடது கால் முன்னால். இடது கையில் ஊதுபத்தி, நீட்டியபடி. வலது குதிகால் தரையில் படாமல், ஓடத் தயாராக. பாக்சிங்கில் இடது கைக் குத்துக்கு நிற்கச் சொல்லும் நிலை இதேதான்! மாஸ்டர் வாரக்கணக்கில் கத்தியும் பையன்களுக்கு வராத நிலை.

"ஏலே, ஞாயித்துக்கிழம ஸ்கூலுக்கு வா" என்று கூப்பிட்டுவிட்டார்.

செல்வம் வந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அவனுக்கு முன்னால் அந்தப் பொட்டலில் வேலை பார்த்தவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. செல்வத்துக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பெண்சாதி பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிறவள், அப்போது மாசமாக இருந்தாள். தினமும் அவன் வேலை முடிந்து வந்ததும் இரண்டு கையையும் பிடித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டே விரல்களை எண்ணிப் பார்ப்பாளாம். "எண்ணலேங்கா சார். ஆனா எண்ணுதா" என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறான்.

விருதுநகர்ப் பொருட்காட்சியில் குத்துச்சண்டைப் போட்டி அறிவித்திருந்தார்கள். தெற்கே ஒரு நூல் மில், தன் பாக்சிங் டீமுக்கு ஆள் பிடிக்க ஆபீசரை அனுப்புகிறது. ஜெயிக்கிறவனுக்கு மில்லில் வேலை. வெடிமருந்து இல்லாத வேலை. செல்வத்துக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பயிற்சியில் ஒரே ஒரு சிக்கல். குத்துவான். நேரான, அழகான குத்து – மணிக்கட்டு மடங்காது, கட்டைவிரல் வெளியே, தோள் முழுதாகத் திரும்பும். ஆனால் குத்திய மறுநொடி பின்னால் தாவுவான். வலது கையால் காதைப் பொத்திக்கொள்வான். முகத்தை வேறு திருப்பிக்கொள்வான்!

"குத்திட்டு எங்கலே ஓடுத? பஸ்ஸா போயிரும்?"

"கால் தன்னால போயிருது சார்."

"அவன் மூஞ்சி என்ன அணுகுண்டா? நில்லுலே!"

மாஸ்டர் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி வேப்பமரத்தில் முடிந்தார். பின்னால் பெஞ்சைப் போட்டார். முகம் திரும்புவது நின்றது. ஒருவழியாகக் காலும் நின்றது. 'ஆள் தயார்' என்றார். எனக்கு மட்டும் கவலை. எனக்கு எதில்தான் கவலை இல்லை?

போட்டி அன்று எதிரே நின்றவன் மாடசாமி. விருதுநகர் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். எடை ஒன்றுதான், தோள் மட்டும் இரண்டு ஆளுடையது. உள்ளூர்க் கூட்டம் சும்மா இருக்குமா?

"ஏலே சிவகாசி, தீப்பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கோலே!"

முதல் ரவுண்டில் செல்வம் மாஸ்டர் சொன்னபடி குத்தினான். சொன்னபடி நின்றான். நின்றவனுக்கு மாடசாமி பக்கவாட்டில் ஒன்று விட்டான் பாருங்கள்... செல்வம் கீழே. நான் மேஜையைத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் ஆயுசில் எண்ணவே பிடிக்காமல் எண்ணிய எண்கள் அவை. எட்டில் எழுந்துவிட்டான்.

இரண்டாவது ரவுண்டிலும் அதே கதை. குத்தினான், நின்றான், வாங்கினான். உதடு கிழிந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஏங்க! திரியப் பத்த வச்சுட்டு நின்னுக்கிட்டா இருப்பீக? ஓடியாங்க!"

பேச்சியம்மாள். பெஞ்சு மேல் ஏறி நிற்கிறாள், அந்த வயிற்றோடு! கூட்டம் முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மேடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அவ சொல்றதக் கேளுலே!"

அவ்வளவுதான். இடது கை போனது, பட்டது, ஆள் இல்லை. மாடசாமியின் அடி காற்றில் போனது. மறுபடி குத்து, மறுபடி ஆள் இல்லை. காதைப் பொத்துகிற வலது கை தாடைக்குக் காவலாக இருந்தது. பயந்த சுபாவம் என்று நாம் திட்டிக் கழிப்பதில் பாதி, இடம் தெரிந்து வைத்தால் நல்ல உத்தி... என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு.

மூன்றாவது ரவுண்டு முடியப் போகும் நேரம். மாடசாமி நடுவில் நின்று இரண்டு கையையும் தொங்கப் போட்டுவிட்டான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். ஆள் தீர்ந்தான் என்றே தோன்றியது.

"போலே! முடிச்சிரு!" என்று கூட்டம் கத்தியது. மாஸ்டரும்தான்.

செல்வம் போகவில்லை. தள்ளி நின்று சுற்றி வந்தான். பார்த்தான், மறுபடி சுற்றினான். என் மேஜை மேடை மட்டத்தில் இருந்ததால் எனக்கு ஒன்று தெரிந்தது – மாடசாமியின் வலது குதிகால் தூக்கியிருந்தது, முஷ்டி இறுகியிருந்தது. நொடி முள் சுற்றி வந்தது. மணியடித்தேன். பாயிண்டில் செல்வத்துக்கு வெற்றி.

மில் ஆபீசர் முகத்தில் திருப்தி இல்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவன்தான் கையத் தொங்கப் போட்டு நின்னானேப்பா. ஏன் கிட்டப் போகல?"

"திரி அணைஞ்ச மாதிரி இருந்துச்சுங்க ஐயா. அப்படி இருக்கறதுகிட்டதான் போகக் கூடாது."

தண்ணீர் வாளிப் பக்கம் உட்கார்ந்திருந்த மாடசாமி பெரிதாகச் சிரித்தான். "வந்திருந்தான்னா எறக்கியிருப்பேன்யா ஒண்ணு! எமகாதகப் பய."

ஆபீசர் மாடசாமியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டீம்ல சேர்ந்துக்க. வேலை பஞ்சு குடோன்ல, தீக்காவல். நெருப்பு எங்க ஒளிஞ்சிருக்கும்னு தெரிஞ்ச ஆள்தான் எனக்கு அங்க வேணும்."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் மண்டிக் காற்று என்றார். பிறகு செல்வத்தை ஸ்டூலில் உட்காரவைத்துக் கையுறைகளைக் கழற்றினார், சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். அதற்குள் பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கிழிந்த உதட்டைப் பார்க்கவில்லை. வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொருட்காட்சியில மொளகா பஜ்ஜி ஒண்ணு விக்கிறாக, எம்புட்டு பெருசு தெரியுமா..." என்று பேசிக்கொண்டே ஒவ்வொரு விரலாகத் தொட்டாள்.

அன்றைக்கு எண்ணுவதற்கென்று மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். பத்து வரைக்கும் எண்ணி முடித்தது அவள்.