வெள்ளைப் புள்ளி, மஞ்சள் புள்ளி

அம்மா போய் எழுபது நாள் ஆகிறது. வந்தவர்கள் எல்லோரும் அவள் கைராசியைப் பற்றிப் பேசினார்கள். நான் பேச வேண்டியது ஒரு வாஷரைப் பற்றி.

அம்மா பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் இஞ்சின்களைப் பிரித்துக் கட்டி வந்தவள். முதலில் உதிரி பாகக் கடையில் கவுன்டரில் நின்றாள். தேய்ந்ததையும் உடைந்ததையும் கொண்டுவந்து நீட்டி “இதே மாதிரி ஒண்ணு குடுங்க” என்று கேட்பவர்களுக்கு ஒன்பது வருடம் எடுத்துக் கொடுத்தாள். எது எங்கே தேயும், ஏன் தேயும் என்பது அங்கேயே மனப்பாடமாகிவிட்டது. பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்தாள்.

வேகம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள். “போறதுக்கு வேற ஆளப் பாருங்க. வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்குத்தான் நான்” என்பாள். அவளுக்கு எல்லாமே நிதானம். இஞ்சின் பிளாக்கின் எண்ணெய் வழிகளில் இருக்கும் அடைப்பான்கள் ஒவ்வொன்றையும் கழற்றி, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்ப்பாள். ஒவ்வொரு மெயின் பேரிங்கையும் முறுக்கியதும், அதில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்ப்பாள். இறுக்கமாகத் தெரிந்தால் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, “கட்டுறதவிடக் கழட்டுறதுக்குத்தான் இவளுக்கு ஆசை” என்பார்.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. முறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் பெயின்ட் புள்ளி வைப்பாள். அவள் முறுக்கியது வெள்ளை. வேறு யார் முறுக்கினாலும் மஞ்சள். “புள்ளி வச்சுட்டா அது உன் வாக்கு” என்பாள்.

நான்கு வருடங்களுக்கு முன் அவளுக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. அப்போது ஒரு பல் டாக்டரின் ஆறு சிலிண்டர் இஞ்சின் பாதி கட்டிய நிலையில் இருந்தது. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் டிசைனில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பத்து நாள் லீவு போட்டு வந்தேன்.

“வாங்க இன்ஜினியரம்மா, கையில எண்ணெய் படும், பரவால்லையா?” என்றாள்.

அந்த இஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை பிறை வடிவ வாஷர்கள் இரண்டு. பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் ஒவ்வொன்று. ஒரு முகத்தில் மென்மையான உலோகமும், எண்ணெய் தங்கப் பள்ளங்களும் உண்டு. மறு முகம் வெறும் இரும்பு. பள்ளம் சுழலும் ஷாஃப்டைப் பார்த்து இருக்க வேண்டும்.

எனக்கு அது தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. சுழலும் பக்கம் வழுவழுப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, இரண்டையும் திருப்பி வைத்தேன். அம்மா சாய்வு நாற்காலியிலிருந்து கேட்டாள்.

“பள்ளம் எந்தப் பக்கம்டி?”

“சரியாத்தான் வச்சிருக்கேன்மா.”

டயல் கேஜ் வைத்து அளந்தேன். ஷாஃப்ட் முன்னும் பின்னும் அசையும் இடைவெளி சரியாக வந்தது. எப்படி வைத்தாலும் தடிமன் ஒன்றுதானே, வராமல் என்ன செய்யும்? பேரிங்கை மூடி, இரண்டு போல்ட்டிலும் மஞ்சள் புள்ளி வைத்தேன்.

ஐந்து மாதத்தில் கார் லாரியில் ஏறி வந்தது. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் உள்ளே அரைக்கிற சத்தம். அம்மா இஞ்சினுக்கு அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றினாள். எண்ணெய்க்குள் வாஷர்கள் பிளேடு போலத் தேய்ந்து கிடந்தன. பிளாக்கும் அரைபட்டிருந்தது. அவற்றில் ஒன்றை எடுத்துத் துடைத்து, இரு புறமும் திருப்பிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு தின்னரில் துணியை நனைத்து, இரண்டு போல்ட்டிலிருந்த மஞ்சளைத் துடைத்தாள். வெள்ளை டப்பாவை எடுத்தாள்.

“அம்மா, என்ன பண்றே?”

“உன் மேனேஜர் டாக்டரோட மச்சான். வாய மூடிட்டு நில்லு.”

நின்றேன்.

டாக்டர் நல்ல மனிதர்தான். தேய்ந்த வாஷரைப் பார்த்துவிட்டு, “வயசாகுதில்லக்கா. கண்ணாடிய மாத்துங்க” என்றார்.

“ஆமா சார். கவனிக்கல. நானே சரிபண்ணித் தரேன்.”

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. டாக்டர் விளக்கம் கேட்டார். நான் சொன்னேன். பள்ளம் தவறான பக்கம் இருந்தால் எண்ணெய்ப் படலம் உருவாகாது, இரும்பும் இரும்பும் உரசும், அப்படி இப்படி என்று கோர்வையாகச் சொன்னேன். “பொண்ணு எவ்வளவு தெளிவாப் பேசுது” என்றார். அம்மா தலையாட்டினாள்.

டாக்டர் விளையாட்டாகத்தான் நண்பர்களிடம் சொன்னார். அவர்களில் இரண்டு பேர் வந்து, பிரித்துப் போட்டிருந்த தங்கள் இஞ்சின்களைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு முழு இஞ்சின் என்று எதுவும் அவளிடம் வரவில்லை. கடைசிவரை கார்புரேட்டர்தான் கழுவினாள்.

அப்பாவுக்கு இது ஒரு ஜோக் ஆகிவிட்டது. தலையணை உறை உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தால், “இதுவும் வாஷர் கேஸா?” என்பார். செருப்பை மாற்றிப் போட்டால், “உங்கம்மா வேலையா இது?” அம்மா சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வாரம் டாக்டர் அதே காரில் வந்தார். அடியில் எண்ணெய் சொட்டுகிறது, பார்க்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். சம்ப் கேஸ்கெட்தான் போயிருந்தது. கழற்றுவதற்கு முன் முன்புறப் புல்லியில் டயல் கேஜை வைத்து, அவரைக் கிளட்ச்சை மிதிக்கச் சொன்னேன். அசைவு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் பதினாறு பங்கு. இஞ்சினில் கம்பியால் கட்டியிருந்த தகட்டில், பழுது பார்த்த அன்று அம்மா குத்தி வைத்த எண் பதினைந்து. நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய இஞ்சின்.

எண்ணை டாக்டரிடம் சொன்னேன். அப்பா வழக்கமான ஸ்டூலில் இருந்தார்.

“அக்கா ஒரே ஒரு தடவதான் சறுக்கினாங்க. ரெண்டாவது தடவ என்ன வேலை பாத்தீங்களா?” என்றார் டாக்டர்.

“அவங்க சறுக்கல சார். மொதல்ல அந்த வாஷரத் திருப்பி வச்சது நான்.”

அவர் சிரித்தார். “அம்மாவ விட்டுக் குடுக்க மாட்டீங்களே.”

“பள்ளம் எந்தப் பக்கம்னு கேட்டாங்க. சரியா வச்சேன்னு பொய் சொன்னேன். உங்களுக்கு வெளக்கம் சொன்னப்பவும் எனக்குத் தெரியும்.”

டாக்டர் பானெட்டைத் தட்டினார். “சரி விடுங்க, பழைய கதை. யார் வச்சா என்ன, வண்டி ஓடுதில்ல.”

மன்னிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவர் இழந்தது கார் பட்டறையில் நின்ற நாட்கள் மட்டும். காரை விட்டுவிட்டு, மாலையில் வருவதாகச் சொல்லிப் போனார். இஞ்சினைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போன அந்த இரண்டு பேரின் நம்பரை அவர் கிளம்பும் முன் வாங்கிக்கொண்டேன்.

அப்பா எழுந்திருக்கவில்லை.

“அப்போ அவ ஏன் சிரிச்சா?” என்றார்.

என் பக்கம் திரும்பினார்.

“நான் சொல்லும்போதெல்லாம் நீ பக்கத்துல இருந்தியே.”

“இருந்தேன்பா.”

“ஒரு தடவகூட நிறுத்துங்கன்னு சொல்லலியே.”

அவர் ஸ்டூலைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

சம்ப்பைக் கழற்றினேன். பின்பக்க மெயின் பேரிங்கில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் எண்ணெயில் பழுப்பேறித் தெரிந்தன. பழுது பார்த்த பிறகு அவளே முறுக்கி, அவளே வைத்தவை. அவற்றைத் தொடத் தேவை இருக்கவில்லை. தொடவில்லை. புது கேஸ்கெட் வைத்து, சம்ப் போல்ட்டுகளை வரிசையாக முறுக்கி முடித்தேன்.

மஞ்சள் டப்பாவில் பெயின்ட் ஆடை கட்டிப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திறந்து, ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு முதல் நம்பரை அழைத்தேன்.