முதல் தாம்பூலம் காத்தமுத்து

தென்னூர் காத்தமுத்து எனக்கு மாமா முறை. காலையில் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டியைப் பார்த்துக்கொள்வார். சாயங்காலமானால் குடும்ப தர்மத்தைப் பார்த்துக்கொள்வார். வாழைக்காய் சில சமயம் அழுகிப்போனது உண்டு. குடும்ப தர்மம் அவர் கையில் ஒரு நாளும் வாடியதில்லை.

எந்தப் பந்தலிலும் முதல் தாம்பூலம் அவருக்குத்தான். சபையில் முதல் வெற்றிலையை எடுக்கிறவர் அந்தக் காரியத்துக்குப் பொறுப்பு ஏற்கிறார் என்று எங்கள் ஜனங்களிடம் ஒரு கணக்கு. மாமா பொறுப்பைப் பற்றி அதிகம் அலட்டிக்கொண்டதில்லை. தட்டு நீண்டால் கை தானாகப் போகும். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காதுகுத்து என்பதை மென்றுகொண்டே விசாரித்துக்கொள்வார். ஒரு தடவை கருமாதி வீட்டில்கூடத் தட்டைத் தேடியவர் அவர்.

நாற்பத்தொன்பதில் சென்னை சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மனைவி உயிரோடு இருக்கும்போது ஓர் இந்து ஆண்பிள்ளை இன்னொருத்தியைக் கட்டக்கூடாது. கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது, கட்டியவனுக்கு ஜெயில். மாமா கொதித்துவிட்டார். அவருக்கு இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளும் உத்தேசம் கிடையாது. வீரம்மாள் அத்தை இருக்கிற வீட்டில் அப்படி ஓர் உத்தேசம் பிழைத்திருக்கவும் முடியாது. அடுத்தவன் உரிமைக்காகக் கொதித்தார். அந்த மாதிரிக் கொதிப்புக்குத்தான் கைதட்டல் அதிகம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மாமா நெற்றி நிறைய விபூதியோடு பெருமாள் ஊருக்குப் போய்ப் பேசினார். ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் அந்த ஒரு நாளைக்கு அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சர்க்கார் கள்ளுக்கடையை மூடட்டும், கும்பிடறேன். ரோடு போடட்டும், வாய்க்கால் வெட்டட்டும். நம்ம அடுப்படிக்குள்ள வந்து, இவனுக்கு எத்தனை பொண்டாட்டின்னு எண்ண அது யாருங்க? பெரியவங்க கூடிப் பேசி, மூத்தவளோட தகப்பன் தாம்பூலம் எடுத்துட்டா, அதுக்கு மேல ஒரு சட்டம் எதுக்கு?"

ஒரே கைதட்டல். மூத்தவள் என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நானும் நன்றாகத்தான் தட்டினேன்.

பிறகு ஐம்பத்து மூன்றில், கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பாதி நாள் படிப்பு, பாதி நாள் அப்பன் தொழில் என்று சர்க்கார் சொன்னபோது மாமா அதே சர்க்காரை வாய் நிறையப் புகழ்ந்தார். "அப்ப உங்க மகன் பட்டணத்துல பி.ஏ. படிக்கிறானே மாமா?" என்று கேட்டேன். "திட்டம் கிராமத்துக்கு. நாம தென்னூரு" என்றார். மாமாவின் கொள்கைகளுக்கெல்லாம் இப்படி ஓர் எல்லைக்கல் உண்டு. அது எப்போதும் அவர் வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் வெளியே நட்டிருக்கும்.

அவருடைய ஒரே மகள் வள்ளிக்கண்ணுவை எடமலைப்பட்டி புதூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீரமலைக்குச் சொந்தமாகச் செங்கல் சூளை. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. இதற்கு யார் காரணம் என்று எந்த டாக்டரிடமும் கேட்காமலே வீரமலையின் அம்மா காளியாயி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஐம்பத்து நாலு தை மாதம், திருவெள்ளறையில் மாமாவின் வயலில் அறுப்பு. "ஆத்தாளோட போய் நாலு நாள் இருந்துட்டு வாம்மா" என்று காளியாயி மருமகளை அன்பாக அனுப்பிவைத்தார். அந்த அன்பு புதிதாக இருக்கிறதே என்று வள்ளிக்கண்ணுவே யோசித்தாளாம். மறுநாள் காளியாயி தென்னூருக்கு ஆள் அனுப்பினார்: "வீட்டுல ஒரு நல்ல காரியம். சம்பந்தி வந்து முதல் தாம்பூலம் எடுத்தாத்தான் தட்டு மாத்துவோம்."

வீரமலைக்குக் கல்யாண வயதில் ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு நிச்சயம் என்று மாமா எடுத்துக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு ஜட்காவில் கிளம்பினார். வழியெல்லாம் சரிகை அங்கவஸ்திரத்தை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

பந்தலில் நல்ல கூட்டம். மணிகண்டத்திலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நல்லதம்பி எழுந்து வந்து கும்பிட்டார். "உங்க பேச்சை ஸ்ரீரங்கத்துல கேட்டிருக்கேண்ணே. உங்களை நம்பித்தான் இந்தக் காரியத்துல இறங்கியிருக்கேன்" என்றார். மாமா பூரித்துப்போனார். தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்து வாய்க்குள் தள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பெரியவர் ஒருவர் எழுந்து, இன்னார் மகன் வீரமலைக்கு இன்னார் மகளை இரண்டாந்தாரமாக நிச்சயம் செய்கிறோம் என்று சபைக்குச் சொன்னார்.

மாமாவின் கண் இரண்டும் வெளியே வந்துவிட்டது. வாய் நிறையச் சாறு. விழுங்கினால் புகையிலை ஆளைச் சாய்த்துவிடும். சபை நடுவில் துப்பவும் முடியாது, அவர் மரியாதைக்காரர். "ம்ம்! ம்ம்ம்!" என்று தலையை ஆட்டினார். மாட்டேன் என்றுதான் ஆட்டினார். "சம்பந்தி சம்மதிச்சுட்டாரு!" என்று காளியாயி அழாத குறையாகச் சொன்னார். தட்டு மாற்றிவிட்டார்கள். மாமா வேலியோரம் ஓடித் துப்பிவிட்டுத் திரும்புவதற்குள் பந்தி போட்டாகிவிட்டது.

அப்போதாவது கத்தியிருக்கலாம். கத்தினால் முதல் தாம்பூலம் காத்தமுத்து என்ன விசேஷம் என்று தெரியாமல் வெற்றிலை போட்டார் என்று திருச்சிராப்பள்ளி முழுவதும் சிரிக்கும். மகளா, மானமா என்று யோசித்தார். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. கேட்கவில்லை. நானும் பக்கத்து இலையில்தான் இருந்தேன்.

தென்னூர் திரும்பியதும் கதை இன்னும் அழகாகிவிட்டது. "வம்சம்னு ஒண்ணு இருக்குல்ல? தர்மத்துக்காக மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்" என்று மண்டியில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ரெண்டு நாளில் அதை அவரே நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

திருவெள்ளறையில் இருந்த வள்ளிக்கண்ணுவுக்குச் சேதி போய்ச் சேர்ந்தது. அவள் அழுதுகொண்டு அப்பா வீட்டுக்கு ஓடி வரவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரே வக்கீல் அருள்நாதன் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்துதான் தென்னூருக்கு வந்தாள். நான் அப்போது மாமாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, தெரிஞ்சு எடுத்தீங்களா, தெரியாம எடுத்தீங்களா?"

"அது வந்தும்மா... வம்சம்னு..."

"வம்சம் கிடக்கட்டும். தெரிஞ்சா, தெரியாமலா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். வீரம்மாள் அத்தை மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சு எடுத்தேன்னு சொல்லுங்க, நான் இப்பவே ஒரு மூலையில போய் உக்காந்துக்கறேன்" என்றாள் வள்ளிக்கண்ணு. "அந்த வீட்டுல நாளைக்கு வரப்போறவளுக்குத் தண்ணி எடுத்து வெச்சுக்கிட்டு, நீங்க பண்ணின தர்மத்தை நெனச்சுக்கிட்டு இருக்கேன். தெரியாம எடுத்தீங்கன்னா, மணிகண்டத்துக்குப் போய் உங்க வாயால அதைச் சொல்லுங்க. அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு தெரிஞ்சா எந்த அப்பனும் பொண்ணு குடுக்க மாட்டான்னு வக்கீல் சொல்றாரு. ஆனா நல்லதம்பி உங்க பேச்சைத்தான் நம்பிக்கிட்டு இருக்காராம். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாராம்."

மேடையில் மூச்சு விடாமல் பேசுகிற மாமா, சொந்த மகளுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல அன்றைக்கு அவ்வளவு சிரமப்பட்டார். கடைசியில், "தெரியாமத்தான்மா எடுத்தேன்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஒரு தட்டு வெற்றிலை பாக்கோடு மணிகண்டம் போனோம். எடுத்த தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிச்சயம் முறிந்தது என்று பொருள். நல்லதம்பி தட்டைத் தொடவில்லை.

"மென்னு துப்பினதுக்குப் பதிலாப் புதுசு கொண்டாந்திருக்கீங்களாண்ணே?" என்றார்.

"தெரியாம எடுத்துட்டேன். மாப்பிள்ளையோட தம்பிக்குன்னு நெனச்சேன்" என்றார் மாமா.

திண்டாட்டம் என்றால் அதுதான். உள்ளே பெண்கள் சிரிப்பது வெளியே கேட்டது. நல்லதம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, தெரியாமலே இருக்கட்டும். இப்ப என்ன வந்துடுச்சு? பெரியவங்க பேசி முடிச்சாச்சு."

"சட்டம் இருக்கு நல்லதம்பி" என்றார் மாமா. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "கல்யாணம் செல்லாது. நாளைக்கு உம் பொண்ணு வயித்துல ஒரு புள்ளை வந்தா அதுக்கும் பேச்சு வரும். மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான். எம் பொண்ணு புகார் எழுதி வெச்சிருக்கா."

நல்லதம்பி எழுந்துவிட்டார். "அந்தச் சட்டம் கூடாதுன்னு ஸ்ரீரங்கத்துல அந்தக் கத்துக் கத்தினது யாருண்ணே? நீங்கதானே? அதைக் கேட்டுத்தானே நான் பொண்ணு குடுக்கத் துணிஞ்சேன்?"

"நான்தான்" என்றார் மாமா. "அப்ப நான் அடுத்தவன் பொண்ணைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்."

நல்லதம்பி உள்ளே திரும்பி, சிரித்துக்கொண்டிருந்த தன் மகளைப் பார்த்தார். தட்டை வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் நின்றது. வள்ளிக்கண்ணு எடமலைப்பட்டி புதூருக்கே திரும்பிப் போனாள். வீரமலை ரொம்ப நாள் தலை நிமிராமல் சாப்பிட்டான். காளியாயி சம்பந்தியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். இதனால் மாமாவுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு எந்தப் பந்தலில் தட்டை நீட்டினாலும் மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்ன விசேஷம்?" என்று கேட்ட பிறகுதான் வெற்றிலையைத் தொடுவார். தெரிந்த விசேஷத்துக்கும் கேட்பார். இளவட்டங்கள் வேண்டுமென்றே ஆளுக்கொரு தரம் சொல்வார்கள்.

ஐம்பத்தாறில், அப்பன் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று டெல்லியில் சட்டம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் மறுபடி கூட்டம், மறுபடி மாமாவுக்கு அழைப்பு. அவரும் பழசையெல்லாம் மறந்து, தொண்டையைக் கனைத்து, வீட்டுக் கூடத்தில் நடந்தபடி பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளிக்கண்ணு எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்திருந்தாள். ஒரு தட்டில் வெற்றிலை வைத்து அப்பாவின் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

கை வழக்கம்போலப் பின்னால் போனது. "என்னம்மா விசேஷம்?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. கூட்டத்துல பேசப் போறீங்களாம். இந்தத் தடவை யாரோட பொண்ணைப் பத்திப் பேசப் போறீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அன்று சாயங்காலம், தனக்குக் காய்ச்சல் என்று சொல்ல மாமா ஸ்ரீரங்கத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்.